ஏழு போத்தல் குளத்துத் தண்ணி

வினோஜன்: ஐயோ மிஸ், ஓடுது! செருப்பு மாதிரி ஒண்டு... அந்தா, போயிற்று!

கம்சாயினி: அது பரமீசியம். மேசையில முட்டாம, நுணுக்குக்காட்டியில கண்ண வச்சுப் பாருங்க.

வினோஜன்: வாயெல்லாம் இருக்கா அதுக்கு?

கம்சாயினி: ஓம். உடம்பு முழுக்க ஒரே ஒரு கலம். அதுக்குள்ளயே தின்னுது, நீந்துது, ரெண்டாப் பிரிஞ்சு பெருகுது.

வினோஜன்: இதத்தானா எங்கட எருமையெல்லாம் நாளும் குடிக்குது?

கம்சாயினி: லட்சக்கணக்கில.

வினோஜன்: அதான் நான் கொண்டுவாற தயிர் அவ்வளவு கட்டி!

கம்சாயினி: சிரிப்புக் காட்டாதீங்க... இப்ப இந்தப் பக்கம். காம்பில நிக்கிற மணி தெரியுதா?

வினோஜன்: ஓமோம், பூ மாதிரி.

கம்சாயினி: மேசையில மெல்லத் தட்டுங்க.

வினோஜன்: அட! சுருண்டிற்று! வெக்கமா அதுக்கு?

கம்சாயினி: கொஞ்சம் பொறுத்தாத் தானா நிமிரும்... வினோஜன், ஒண்டு கேக்கட்டா?

வினோஜன்: கேளுங்களன்.

கம்சாயினி: நீங்க கிழமைக்கொரு போத்தல் கொண்டுவாற உங்கட வயல் வட்டைக் குளத்துத் தண்ணியில முதல் நாலு கிழமையும் இது ஒண்டுகூட இல்ல. பிறகு வந்த மூணு போத்தலிலயும் இதுதான் நிறைய.

வினோஜன்: மழை பெய்ஞ்சது...

கம்சாயினி: ஆவணி மாசத்தில வெல்லாவெளியில எங்க மழை?

வினோஜன்: அப்ப காத்தில வந்திருக்கும்.

கம்சாயினி: வினோஜன்!

வினோஜன்: சரி... குளம் வத்திற்று மிஸ். வெறும் சேறு. எருமையெல்லாம் அதுக்க படுத்துக் கிடக்கு. நான் மோட்டச்சைக்கிள்ல நவகிரிக் குளத்துக்குப் போய் அள்ளினன்.

கம்சாயினி: அவ்வளவு தூரமா? ஏன் சொல்லல்ல?

வினோஜன்: சொன்னா, இனித் தண்ணி வேணாம் எண்டிருப்பீங்க. கம்பஸ் கன்ரீனுக்குத் தயிர் இறக்கிற எனக்கு, மாடியேறி இந்த லேப்புக்கு வர வேற என்ன சாட்டு இருக்கு?

கம்சாயினி: சாட்டா? இங்க வாறதுக்கா?

வினோஜன்: கோவமா? கோவந்தான். ரெண்டு வருசமாச் செய்யிற ஆராய்ச்சி... நான் கெடுத்துப்போட்டன். மன்னிச்சிருங்க மிஸ். இனி இந்தப் பக்கம் வரமாட்டன்.

கம்சாயினி: இருங்க, எங்க ஓடுறீங்க? ஒண்டும் கெடல்ல.

வினோஜன்: ஏழு போத்தலில மூணு பொய்யெண்டா எப்பிடிக் கெடாம...

கம்சாயினி: என்ட ஆராய்ச்சிக்கு நாலு போத்தல் போதும். அஞ்சாவதில இருந்து நானும் சாட்டுக்குத்தான் கேட்டன்.