எட்டு மாத்திரை

— தலகாணிக்கு அடியில இன்னாய்யா இது? எட்டு மாத்திர கீது. வூட்டுக்கு வந்த நாலு நாளா நா குடுத்தத ஒண்ணுகூட நீ முழுங்கலியா?

— கத்தாத அம்சா. வலி இல்ல, அதான் போடல.

— வலி இல்லாதவந்தான் துண்டக் கடிச்சிகினு குந்தியிருப்பானா? மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது. எங்க வலிக்குது, கட்டுலயா?

— கட்டுக்குக் கீழ.

— கீழதான் ஒண்ணுமே இல்லியே.

— கைதான் போச்சி, வெரலு போவல மே. அஞ்சும் மூடிகினு கீது. நகம் உள்ளங்கையில எறங்குது, தொறக்க முடியல. இத யார்கிட்ட போயி சொல்றது?

— வாலாஜாபாத் டாக்டர்கிட்ட நா சொன்னேன். எடுத்த கையி அப்டித்தான் வலிக்கும், பொய்யில்லம்மா, வலி ஏர்றதுக்கு முன்னாடியே மாத்திர போட்டுடணும், ஏறிட்டா கேக்காதுன்னாரு. நீ இன்னாடான்னா சேத்து வச்சிகினு கீற. எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிட்டு என்ன வுட்டுட்டுப் போவலாம்னு பாக்கிறியா?

— சே. அதெல்லாம் இல்ல.

— பின்ன இன்னா? சொல்லுய்யா.

— அதப் போட்டா மயக்கமா வருது. மயக்கத்துல ஒளற்றேன்.

— ஒளறினா ஒளறிட்டுப் போ. இங்க நா மட்டுந்தான கீறேன்?

— அதான்.

— என்கிட்ட மறைக்கிறதுக்கு ஒனக்கு இன்னா கீது?

— கம்பெனி சமாச்சாரம். வுடேன்.

— அது எனக்குந் தெரியும். ப்ரெஸ் மிஷினுக்கு ரெண்டு சுச்சு. ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் எறங்கும், கை உள்ள மாட்டாது. வேல சீக்கிரம் ஓடணும்னு ஒரு சுச்ச ரப்பர் போட்டு அமுக்கிக் கட்டிட்டாங்க. கட்டுனது நாந்தான்னு விசாரணைக்கு வந்தவங்ககிட்ட நீயே சொன்ன.

— ஆமா, சொன்னேன். தப்பு என்னுதுன்னு எழுதிகினு போனாங்க. முடிஞ்சிபோச்சி.

— ஒனக்கு முந்தின ஷிப்டு அந்த மிஷின்ல யாருய்யா நின்னது?

— உன் தம்பி பேர இதுல இழுக்காத அம்சா. தாயில்லாப் புள்ளன்னு நீ இடுப்புல தூக்கி வளத்தவன். ரப்பர அவுக்க மறந்துட்டான். அதுக்காக ஒனக்கு அவன் இல்லன்னு ஆவணுமா?

— ஆஸ்பத்திரியில கைய எடுத்த மறுநாளே ஊசி மயக்கத்துல எல்லாத்தையும் சொல்லிட்டய்யா நீ. ‘பாபு, ஏண்டா அவுக்காம போன’ன்னு கேட்டுகினே இருந்த. அவன் உன் தலமாட்டுலதான் நின்னுகினு இருந்தான். இந்தா மாத்திர, வாயத் தொற.