தடிக்காத கை

— அடுத்தது யாரு? வாங்க, ஒக்காருங்க. பேரு?

— செங் வேய்.

— கடல்ல எண்ணெய் எடுக்கற மேடையில என்ன வேலை?

— துளை போடுற பிரிவு.

— அந்த ஹெல்மெட்டக் கழட்டலாமே. இங்க தலையில எதுவும் விழாது.

— பழக்கம் நர்சம்மா... கடல்லயே இருந்து இருந்து...

— முகமூடியும் பழக்கமா?

— டிபி பரிசோதனைன்னாங்க. நம்மளால நாலு பேருக்குப் பரவக் கூடாது பாருங்க.

— அடேயப்பா, என்ன பொறுப்பு! சரி, கைய நீட்டுங்க. முந்தாநாள் ஊசி போட்ட எடத்தப் பாக்கணும். தடிச்சிருந்தா கிருமி தொத்தியிருக்குன்னு அர்த்தம்; எக்ஸ்ரே எடுக்கற வரைக்கும் மேடைக்குப் படகேற முடியாது. தெரியுமில்ல?

— தெரியும், தெரியும். நல்லாப் பாருங்க. கழுவித் துடைச்ச தட்டு மாதிரி இருக்கும்.

— ஆமா... தடிப்பே இல்ல. மணிக்கட்டுல இது என்ன தழும்பு?

— நீராவிக் குழாய் சுட்டுருச்சு.

— காலையில வந்த மா யுங், எண்ணெய் தெறிச்சதுன்னாரு.

— ...அவனுக்கும் இருக்கா?

— இதே எடத்துல, இதே அளவு. அவருக்கு முன்னாடி வந்த ஃபான் டாலுங்குக்கும் இருந்துச்சு. வேலைக்குச் சேந்தா முத்திரை குத்தி அனுப்புறாங்களா?

— ஹி ஹி... நல்லா தமாஷ் பண்றீங்க.

— துளை போடுறவர் மேல வெங்காயத்தாள் வாசனை வேற...

— மத்தியானம் சாப்ட்டது...

— ஹெல்மெட்டக் கழட்டுங்க.

— வேணாம்மா...

— கழட்டுங்கன்னா!

— ...இந்தாங்க.

— பாவோ அண்ணே! மேடையில சமைக்கிற பாவோ அண்ணனா?

— போன வருசம் நீங்க அங்க வந்தப்ப என் இறால் கொழுக்கட்டைய ரெண்டு தட்டு...

— பேச்ச மாத்தாதீங்க. எத்தன பேருக்குப் பதிலா வந்தீங்க?

— கேட்ட பசங்களுக்கெல்லாம். கை தடிச்சுப்போய் அழாத குறையா நிக்கிறானுங்க. கரையில ஒக்கார வச்சா பாதிச் சம்பளந்தான?

— அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?

— நல்லாக் கேட்டீங்க! மேடையில ஆள் கொறஞ்சா மொதல்ல எறக்கி விடறது சமையக்காரனத்தான். அங்க அடுப்பு எரிஞ்சாத்தாம்மா என் வீட்ல எரியும். ...மேல சொல்லிடுவீங்களா?

— ஒரே கைதான் திரும்பத் திரும்ப வருதுன்னு மூணாவது ஆள்லயே கண்டுபிடிச்சிட்டேன் அண்ணே, யாருன்னுதான் தெரியல.

— என்னது! அப்பறம் ஏன் எல்லாரையும் போங்க போங்கன்னு விட்டீங்க?

— இன்னிக்குப் படகு நெறஞ்சு போகணும்னு மேலாளர் காலையிலயே சொல்லிட்டாரு. தடிப்பு கண்ணுல பட்டா, கண்ணாடிய மாத்திக்கணுமாம்.

— அடப்பாவமே! அப்ப நான் இந்த வெயில்ல ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு வரிசையில நின்னது வீணா?

— சிரிக்காதீங்க அண்ணே. எனக்கு வெக்கமா இருக்கு. இத்தன பேருக்கு இந்தக் கிருமி எங்கேர்ந்து வந்துச்சுன்னும் புரியல. ஒரே அறைன்னாக்கூடச் சரிங்கலாம், ஆளுக்கொரு அறையில தூங்கறவங்க.

— ஷிஃப்டும் வேற வேற.

— எல்லாரும் ஒண்ணாக் கூடற எடம் எது?

— சாப்பாட்டுக் கூடந்தான். மூணு வேளையும் நான்தான் பரிமாறுறேன்.

— அவங்க நடுவுலயே இருந்தும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. குடுத்து வச்சவரு. முந்தாநாள் உங்களுக்கு ஊசி போட்டது நானா, இன்னொரு நர்ஸ் ஷியாவா?

— எனக்கா? எனக்கு எங்கம்மா போட்டீங்க? சமையல் ஆளுங்க ஒப்பந்தக்காரரோட ஆளுங்களாம், எங்களக் கூப்பிடவே இல்ல.

— ஊசியே போடலையா!

— போட்டிருந்தா கை இப்படியா இருக்கும்? புத்தாண்டு வசந்த விழாலேர்ந்து மாசக்கணக்கா விடாம இருமிக்கிட்டிருக்கேன்.