வியாதி இருக்குதாம்

எங்கே இறங்குவதென்று தீர்மானிக்காமல் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் அமர்ந்தார்கள். இளையவள் சிரித்தாள்.

"அண்ணி, எனக்கு வியாதி இருக்குதாம்!"

"அதுக்கு இன்னாடி சிரிப்பு?"

"முன்னல்லாம் ஸ்கேன்ல ஒன்னும் தெரியலன்னா வலி மனசுலதான்னு எழுதிடுவாங்களாம். இப்ப அந்த ரூல மாத்திட்டாங்களாம். வலி எவ்ளோ பாடுபடுத்துதுன்னுதான் பாக்குறாங்களாம். 'உன் வலி நெஜந்தாம்மா'ன்னாங்க டாக்டரம்மா."

மூத்தவள் போனை எடுத்தாள். "நடிக்கிறேன்னு சொல்லித்தான எந்தம்பி உன்ன வுட்டுட்டுப் போனான்? இப்பவே சொல்றேன்."

"வேணாம் அண்ணி. அவருக்கு அந்தப் பொம்பள கிட்ட ரெண்டு புள்ளைங்க ஆயிடுச்சி."

மூத்தவள் போனைப் பைக்குள் வைத்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிய பிறகு கேட்டாள்: "இப்ப வலிக்குதாடி?"

"வலிக்குது அண்ணி."