எரிகிற மருந்து

எனக்குக் கை நடுங்காது. சாமை புடைத்தாலும் சரி, குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுத்தாலும் சரி, என் கை நிதானமாக இருக்கும். அதனால்தான் அக்காவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற வேலை என்னிடம் வந்தது. நானாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அக்கா பெயர் முனியாயி. நான் பாப்பாயி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அவளை ஆலத்தூர் நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள், என்னைத் திண்ணனூர் நாட்டில். அவளுக்கு வாய்த்த வெள்ளையன் மாமா தங்கமான மனுசர். எனக்கு வாய்த்தவன் கையில் எது கிடைத்தாலும் அதால் அடிப்பான். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கிளம்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவனை விட்டு வருகிறவள் பிள்ளையையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம். பத்து மாதப் பெண் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நடந்தேன். அது என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் பால் கட்டி மார்பு கனன்றது.

நான் வந்து சேர்ந்தபோது அக்காவுக்குப் பிரசவமாகி ஒன்பது நாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பாலும் சுரக்கவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. ஏன் வந்தாய், எதற்கு வந்தாய் என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைத் தடவி எடுத்து என் மடியில் வைத்தாள். “உன்னுதுன்னு நெனச்சுக்க சாமி” என்றாள். அப்படியே நினைத்துக்கொண்டேன். அக்கா சொல்லை நான் தட்டியதில்லை.

குழந்தைக்கு அத்தாயி என்று பெயர் வைத்தோம். பேச்சு வந்ததும் என்னை அம்மா என்றாள். நான் அக்கா அக்கா என்பதைக் கேட்டுப் பெற்றவளைப் பெரியம்மா என்றாள். ஊரே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அத்தாயிக்குத் தலை வாரி, கஞ்சி ஊட்டி, காய்ச்சலில் கிடந்தபோது மடியிலேயே வைத்திருந்து ஐந்து வருசம் போனது. அவள் என் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். எனக்கும் அப்படித்தான்.

அறுபத்து மூன்றாம் வருசம் தை மாதம், அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கண் ஆப்பரேஷன் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். மாமா வெள்ளையன் மூங்கிலில் தூளி கட்டி, இன்னொரு ஆளோடு சேர்ந்து அக்காவைச் சுமந்து மலை இறக்கினார். துணைக்கு நான் போனேன். ஆப்பரேஷன் ஆனதிலிருந்து ஏழு நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை, இரண்டு கண்ணிலும் கட்டு. இந்த வருசம் ஒரு கண், அடுத்த வருசம் மறு கண் என்று கணக்கு. நான்தான் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன். மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

“நாப்பதாம் நாள் கண்ணாடி குடுப்பாங்களாமா. மொதல்ல எம் புள்ள மூஞ்சியப் பாக்கோணும். அப்பறம் என்னய அம்மான்னு கூப்படப் பழக்கிக்கலாம். என்ன பாப்பாயி?”

“ஆமாக்கா” என்றேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

எட்டாம் நாள் அனுப்பும்போது கம்பவுண்டர் குழந்தைசாமி மருந்து பாட்டிலை என் கையில் கொடுத்து, மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுசர்.

“ரெண்டு வேளைக்கும் ஒவ்வொரு சொட்டு உடு அம்மிணி. தூங்கறப்ப கையக் கட்டிப்போடு, தேச்சுப்புட்டா கண்ணு போயிரும். இன்னொண்ணு. சில பேருக்கு இந்த மருந்து ஒத்துக்காது. இமை வீங்கும், செவக்கும், அரிப்புத் தாங்காது. அப்படி வந்துச்சுன்னா அன்னிக்கே நிறுத்திப்போட்டுக் கூட்டியா. வேற மருந்து வெச்சிருக்கறேன்.”

“சரிங்க” என்றேன். இதைக் கேட்டது நான் ஒருத்திதான். மாமா தூளிக்கு ஆள் தேடிப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் அக்காவின் இமை வீங்கியது. மறுநாள் கன்னம் வரைக்கும் தோல் சிவந்து, தடித்து, நீர் வடிந்தது. மாமா பயந்துபோனார். “ஏன் பாப்பாயி, கீழ கூட்டிப்போலாமா?” என்றார். “மருந்து வேலை செய்யுதுங்க மாமா” என்றேன்.

அவர் நம்பினார். மலையில் யாராயிருந்தாலும் நம்புவார்கள். எங்கள் பச்சிலைகளெல்லாம் எரிகிறவைதான். வெட்டுக்காயத்துக்கு வைத்தாலும், புண்ணுக்கு அரைத்துப் பூசினாலும் உயிர் போகிற மாதிரி எரிய வேண்டும். எரியாவிட்டால் வைத்தியன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். நானும் அப்படி நம்பி வளர்ந்தவள்தான். அதனால் நான் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அக்கா பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுமைக்குப் பூமியைத்தான் சொல்ல வேண்டும். மருந்து விட்டதும் பாயைப் பிறாண்டுவாள். “தேய்க்காம என் கையப் புடிச்சுக்க பாப்பாயி. எரியட்டும். எரிஞ்சாத்தான எம் புள்ளையப் பாக்க முடியும்” என்பாள். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் அழுவேன். உண்மையாகவே அழுதேன். அவள் பட்ட பாட்டைப் பார்த்து என் வயிறு எரிந்தது. அழுகை நின்றதும் பாட்டிலை மூடி உறியில் வைப்பேன். ஒரு வேளைகூட மருந்து தவறியதில்லை.

இருந்தும் அந்தக் கண் கெட்டியான கண். வீட்டுக்கு வந்த பதினெட்டாம் நாள் காலையில் அத்தாயி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அக்கா வீங்கிய இமையை விரலால் தூக்கி, “ஆரோ செவப்பா நிக்கறாங்க” என்றாள். அத்தாயி ஓடிப்போய், “என்னயத் தெரியுதா பெரியம்மா?” என்று கேட்டாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தன் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். “மூக்கு என்னுது” என்றாள். கஞ்சி குடிக்கக் கூப்பிட்டேன். அத்தாயி வரவில்லை. “பெரியம்மாகூடக் குடிச்சுக்கறேன்” என்றாள். ஐந்து வருசத்தில் முதல் தடவை.

அன்று மத்தியானம் மாமா மிளகு பறிக்கப் போய்விட்டார். அத்தாயி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா சாப்பிட்டுப் படுத்தாள். அவளே கையை நீட்டினாள், நான் துணியால் கட்டினேன். தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் அரிப்புத் தாளாமல் அவள் கை இழுத்து இழுத்துப் பார்த்தது. மணிக்கட்டில் துணி அறுத்துத் தடம் விழுந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். இறுக்கிப் போட்ட முடிச்சு, மெதுவாகத்தான் வந்தது. பிறகு வெளியே போய்ச் சாமை புடைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் புறங்கையெல்லாம் ஈரமாக இருந்தது. துணியை மறுபடி அவள் மணிக்கட்டைச் சுற்றித் தளர்வாகப் போட்டுவைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். புண் பிரிந்து சீழ் வைத்துவிட்டது, இனி அந்தக் கண் இல்லை என்று டாக்டர் சொன்னார். கையைக் கட்டவில்லையா என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். அக்கா குறுக்கே பேசினாள்.

“அவளத் திட்டாதீங்க சாமி. அவ கட்டித்தான் உட்டா. நாந்தான் தூக்கத்துல அவுத்துத் தேச்சுப்புட்டேன். என்னயப் பாத்துக்கற அவளுக்கு ஒரு கொறையும் சொல்லாதீங்க.”

மலை ஏறி வருகிற வழி முழுக்க அழுதேன். என் அக்கா கண்ணுக்கு நான் அழாமல் வேறு யார் அழுவார்கள்?

ஒரு வருசமாகிவிட்டது. அத்தாயி என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். பெரியம்மாவைக் கைப்பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போகிறாள். எல்லாம் முன்போல இருக்கிறது.

இந்தத் தை மாதமும் முகாம் போட்டிருக்கிறார்கள். மறு கண்ணைச் செய்யலாம் என்று குழந்தைசாமி சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். பாப்பாயி கூட வந்தால், பாப்பாயி கையால் மருந்து விட்டால்தான் ஆப்பரேஷன்.

முந்தாநாள் பேர் கொடுக்க நான் இறங்கிப் போயிருந்தேன். குழந்தைசாமி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“போன தடவ குடுத்த மருந்து ஒத்துக்கிச்சா அம்மிணி? வீக்கம், அரிப்பு எதாவது? இருந்தாச் சொல்லு, மாத்தி எழுதிக்கறேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லா ஒத்துக்கிச்சு” என்றேன். எழுதிக்கொண்டார்.

அக்கா இப்போதே மூட்டை கட்டிவிட்டாள். நாளை விடிந்ததும் கிளம்ப வேண்டும். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். என் கையைத் தேடிப் பிடித்து, “நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்?” என்றாள். அதுவும் நியாயந்தான். என்னைப் போல அவளைப் பார்த்துக்கொள்ள இந்த மலையில் யார் இருக்கிறார்கள்?