காஞ்ச கண்ணுல கொட்டுற தண்ணி

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கண்ணாஸ்பத்திரி மாடியிலே, ஒரே ஒரு வாய் இருந்ததாம். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது கண்ணைத்தானே, தன்னை இல்லையே என்று அந்த வாய் திறந்தபடியே இருந்ததாம்.

"...காஞ்சி போச்சாம் அண்ணாத்த! கண்ணு காஞ்சி போச்சாம்! இங்க கொடகொடன்னு கொட்டிகினு கீது. தோள்ல கீற துண்ட புழிஞ்சா ஒரு சொம்பு தேறும். லைட்ட அடிச்சி பாத்துட்டு அந்த டாக்டரு இன்னா சொல்றாரு? 'உங்களுக்குக் கண்ணீர் பத்தல'ன்றாரு. பத்தலியாம்! இன்னும் எவ்ளோ வோணும்? மதுராந்தகம் ஏரி மதகு தூக்குனாப்ல வுடணுமா? பேரு கண்ணாயிரம். இருக்கறதே ரெண்டு. அந்த ரெண்டும் ரிப்பேரு. நீயே சொல்லு அண்ணாத்த, இது நாயமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்தது அண்ணாத்த இல்லை. ஜோதிலட்சுமி. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று வந்தவள். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை மூடியிருக்கச் சொல்லியிருந்தார்கள். 'கண்ணாயிரம்' என்ற பெயர் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு இமையை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த மீசையும் தோள் துண்டும் போதுமே.

போன ஞாயிற்றுக்கிழமை பூஞ்சேரிக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தார்களே, அந்தப் பெண்ணின் அப்பா!

மகன் கலையரசனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஜோதிலட்சுமிக்கும் பிடித்தது. ஆனால் இந்த மனிதர் இவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து திரும்பப் போட்டுக்கொள்ளும்வரை அழுதார். அதைக்கூட விட்டுவிடலாம். காப்பி டம்ளரை நீட்டும்போது ஜோதிலட்சுமியைப் பார்த்துக் கண்ணடித்தார். தெரியாமல் ஒரு தடவை என்றால் சரி. நிறுத்தி, நிதானமாக, திரும்பத் திரும்ப அடித்தார்!

இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரர் வெங்கடேசனிடம் சொன்னால் அரிவாளைத் தேடுவார், இல்லாவிட்டால் சிரிப்பார். எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை. தரகர் செங்கல்வராயனிடம் "யோசிச்சு சொல்றோம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தாள். இன்று வீடு திரும்பியதும் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தாள். கலையரசன் அன்றிலிருந்து தட்டில் சோற்றைப் பிசைந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

எழுந்து ஓடிவிடலாம் என்றால் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தொண்டை வறண்டு இருமல் வந்தது.

"இருமல் கட்டையா கீதே அண்ணாத்த? பீடி வலிப்பியா? வுட்டுரு. நான் வுட்டுட்டேன். அம்சா வுட வச்சிட்டா. அம்சான்னா என் சம்சாரம். இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், டாக்டரு! நான் கேட்டேன், சார், காஞ்ச எடத்துல எப்பிடி சார் தண்ணி வரும்னு. அதுக்கு அவுரு சொல்றாரு, கண்ணு மேல மெலுசா ஒரு தண்ணி எப்பவும் நிக்கணுமாம். அது ஆவியா போவாம இருக்க, மேல துளி எண்ண மெதக்கணுமாம். எண்ண எங்கேந்து வரும்? இமை ஓரத்துல ஊசி மொனையாட்டம் ஓட்ட ஓட்டயா கீதாம், அதுலேந்து வருதாம். எனுக்கு அந்த ஓட்டயெல்லாம் அடச்சிகினுதாம். எண்ண இல்ல, தண்ணி நிக்கல, கண்ணு எரியுது. எரிஞ்சதும் கண்ணு பயந்துபோயி மொத்தத்தையும் தொறந்து வுட்டுடுது! அது உதவாத தண்ணியாம். ஊரெல்லாம் வெள்ளம் வந்து நிக்கும், குடிக்க ஒரு கொடம் கெடைக்காது பாரு, அந்த மாரி."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். நல்ல இடமாகப் பார்த்து வாங்கவில்லை, போகிற போக்கில் வாங்கினார்.

"அப்பால கேக்குறாரு, 'கண்ண ஒழுங்கா சிமிட்டுறீங்களா?' சார், நான் டூரிஸ்ட் வேன் ஓட்றவன். ஈசிஆர் ரோட்ல கண்ண சிமிட்டி தொறந்தா முன்னால மாடு நிக்கும் சார். கண்ணு இமைக்காம ஓட்டுவான் கண்ணாயிரம்னு மாமல்லபுரம் வேன் ஸ்டாண்டுல நம்மளுக்கு ஒரு பேரு கீது சார்ன்னேன். 'வைப்பர் போடாம மழையில ஓட்டுவீங்களா?'ன்றாரு. மழை எங்க சார் கீது, காஞ்சில்ல கீதுன்றீங்க! பேனாவ கீழ வச்சிட்டாரு. கொஞ்ச நேரம் ஜன்னலாண்ட பாத்துகினு இருந்தாரு, பாவம். அப்பால ஏசி பத்தி கேட்டாரு. முன்னால கீற காத்து வழி எல்லாத்தியும் என் மூஞ்சிக்குத்தான் திருப்பி வச்சிகினு ஓட்றேன்னேன். தூக்கம் வராதில்ல? பத்தாததுக்கு ஒரு குட்டி ஃபேனும் வாங்கி மாட்டிகீறேன். 'மொதல்ல அத்த பூரா கீழ திருப்புங்க'ன்றாரு. காலுக்கு எதுக்கு அண்ணாத்த ஏசி? காலு இன்னா வண்டி ஓட்டுதா?"

கொஞ்சம் யோசித்தார்.

"ஓட்டுது. சரி, அத்த வுடு."

ஜோதிலட்சுமிக்கு உதட்டோரம் ஆடியது. கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெனிஃபர் சிஸ்டர் வந்தார். "சார், உங்க கண்ணுல சின்ன பேப்பர் சொருவப் போறேன். அஞ்சு நிமிஷம் அசையாம கண்ண மூடிட்டு இருக்கணும். எவ்ளோ நனையுதுன்னு பாத்துதான் டாக்டர் மருந்து எழுதுவாரு. பேசவே கூடாது."

"பேசறது வாயி, பேப்பரு கண்ணுல. ரெண்டுக்கும் இன்னா சிஸ்டர் சம்பந்தம்? ஸ்... ஐய! இன்னாம்மா இது, பஸ் டிக்கெட்ட சொருவுனாப்ல கீது!"

இரண்டு கண்ணிலும் இரண்டு வெள்ளைத் துண்டுக் காகிதம் நாக்கு மாதிரி தொங்க, கண்ணாயிரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிஸ்டர் இந்தப் பக்கம் திரும்பி டார்ச் அடித்தார். "ஜோதிலட்சுமிம்மா, பாப்பா இன்னும் சரியா விரியல. இன்னொரு சொட்டு விடுறேன்."

போச்சு, பேரைச் சொல்லிவிட்டாளே பாவி!

"அம்மாவா!" என்று கண்ணாயிரம் துள்ளினார். காகிதங்களும் துள்ளின. "நான் இம்மா நேரம் அண்ணாத்த, அண்ணாத்தன்னு... பீடியெல்லாம் வேற... மன்னிச்சிக்கோம்மா. கண்ண மூடுனா எல்லாரும் எனுக்கு அண்ணாத்தயா போயிடறாங்க. இன்னா பேரு சொன்னாங்க, ஜோதிலட்சுமியா? பாரேன்! என் சம்பந்தி பேரும் ஜோதிலட்சுமிதான். சம்பந்தின்னு சொல்லக்கூடாது. ஆவல. ஆவ வேண்டியது. அத்தத்தான் இந்தக் கண்ணு கெடுத்து வச்சிகீது."

சிஸ்டர் போய்விட்டார். ஜோதிலட்சுமி மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

"எம்பொண்ணு பூங்கொடிய பாக்க வந்தாங்கம்மா, வேடந்தாங்கல் பக்கத்துலேந்து. பையன் தங்கம். அவுங்க அப்பாரு குனிஞ்ச தல நிமிராம தட்ட காலி பண்ணாரு, நல்ல மனுஷன். அந்தம்மாதான்... எப்பிடி சொல்றது... பரீட்ச பேப்பர் திருத்துற டீச்சராட்டம் ஒரு மூஞ்சி. பஜ்ஜிய பிச்சி, உள்ள வாழக்கா வெந்துகீதான்னு பாக்குறாங்க!"

வேகவில்லை. அதனால்தான் பார்த்தாள். சொல்லவா முடியும்?

"ஆனா ஒண்ணு சொல்லணும். போவசொல்ல எம்பொண்ண தனியா கூப்ட்டு, 'உனுக்கு எம்பையன புடிச்சிகீதாம்மா? இல்லன்னா எங்கிட்ட சொல்லு, நானே வேணாம்னுடறேன்'னு கேட்டாங்களாம். யாரும்மா கேக்குறாங்க அப்பிடி? அம்சாவ பாக்க போனப்ப எங்கம்மா பாத்திரத்தத்தான் எண்ணிகினு இருந்துச்சி. அன்னிலேந்து பூங்கொடி போன்ல அந்தப் பையன் போட்டோவ பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துகினு கீது. நான் போனா டக்குனு கால்குலேட்டர தொறக்குது. இன்னாத்தம்மா கூட்டுது? அன்னிக்கி பூரா நான் அழுதுகினே இருந்தேனா, அவுங்களுக்கு சந்தேகம். பொண்ணு வேற எவனையாச்சும் நெனச்சிகினு கீதோ, வூட்ல எதுனா மறைக்கிறாங்களோன்னு. தரகரு 'யோசிக்கிறாங்க'ன்றாரு. யோசிக்கிறவுங்க இம்மா நாளா யோசிப்பாங்களா? அதுக்குத்தாம்மா ஓடியாந்தேன். இந்தக் கண்ண காய வச்சிட்டு... இல்ல, ஏற்கெனவே காஞ்சிதான் கீதாம்... இத்த எப்பிடினா பண்ணிட்டு, இன்னொரு தபா வந்து எங்கள பாருங்கம்மான்னு கால்ல வுழலாம்னு."

வெளியே செங்கல்பட்டு ஜங்ஷனில் ஏதோ ரயில் அறிவிப்பு இழுத்துக்கொண்டு போனது. அது முடியும்வரை அவர் பேசவில்லை. அந்த ஒலிபெருக்கி ஒன்றுதான் அவரைவிட சத்தம்.

"அம்சா இன்னா சொல்றான்னா, எல்லாம் நானே இழுத்து வுட்டுகினதாம். இன்னிக்கி சொன்னத்தயெல்லாம் இந்த டாக்டரு போன மாசமே ஒரு தபா சொல்லித்தான் அனுப்சாரு. சொட்டு மருந்து குடுத்தாரு. நான் அத்த வண்டி டேஷ்போர்டுல வச்சேன். வெயில்ல காஞ்சி, கண்ணுல வுட்டா சுக்குத் தண்ணியாட்டம் சுடுது, தூக்கிப் போட்டுட்டேன். இமை மேல சூடா ஈரத்துணி வச்சா அடச்ச ஓட்ட தொறக்கும்னாரு. நான் இட்லிக் குண்டான்லேந்து துணிய எடுத்து அப்பிடியே வச்சிகினேன். இமையெல்லாம் இட்லி ஒட்டிகினுச்சி. அப்பால ஒரு பயிற்சி. சும்மா சிமிட்டுனா பத்தாதாம். ரெண்டு கண்ணையும் பூரா மூடி, ஒரு அழுத்து அழுத்தி, நிதானமா தொறக்கணுமாம், எப்பெல்லாம் ஞாபகம் வருதோ அப்பெல்லாம். இது ஒண்ணுதாம்மா நான் ஒயுங்கா செஞ்சேன். பொண்ணு பாக்க வந்தவுங்க முன்னாலயும் வுடாம செஞ்சேன்னா பாத்துக்கோயேன்!"

ஜோதிலட்சுமி நாற்காலியில் அவர் பக்கம் திரும்பினாள். ரெண்டு கண்ணையும் என்கிறாரே! அன்றைக்கு மூடியது ஒரு கண்தானே?

"அன்னிக்கி காலீல நான் ஒரு யோசன பண்ணேன். எண்ண பத்தலன்னு டாக்டரே சொன்னாரா இல்லியா? வண்டியில ஆயிலு கொறஞ்சா இன்னா பண்ணுவோம்? ஊத்துவோம்! வெளக்கெண்ண பாட்டில எடுத்தேன். அம்சா கத்துறா, யோவ் வாணாம்யான்னு. சரி, சாம்பிளுக்கு ஒரு கண்ணுல மட்டும் வுடுவோம்னு வலதுல வுட்டேன். ஐயோ அம்மா! பசையாட்டம் புடிச்சிகினுச்சி! ரெண்டையும் மூடுறேன், எடது டக்குனு தொறந்துகுது, வலது ஒட்டிகினு நிதானமா, நம்ம ஊரு டவுன் பஸ்ஸாட்டம் பின்னாலயே வருது. அந்தக் கோலத்துலதான் காப்பி குடுக்கப் போனேன். அந்தம்மா டம்ளர வாங்காம கைய வெடுக்குன்னு இழுத்துகினாங்க. காப்பி பாதி என் வேட்டியில. எதுக்கு அப்பிடி பயந்தாங்கன்னு இன்னி வரிக்கும் எனுக்கு வெளங்கல. உனுக்கு எதுனா வெளங்குதாம்மா?"

ஜோதிலட்சுமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்தாள். சுவரைத் தடவித் தடவி, ஒரு தண்ணீர்க் கேனில் முழங்காலை இடித்து, வெளியே மாடிப்படிக்கு வந்து சேர்ந்தாள். போனில் எழுத்து எதுவும் தெரியவில்லை. கடைசியாகப் பேசியது தரகரிடம்தான். பச்சையாகத் தெரிந்த இடத்தை இரண்டு தடவை அழுத்தினாள்.

"செங்கல்வராயண்ணே, ஜோதிலட்சுமி பேசறேன். வர்ற ஞாயித்துக்கெழம பூ வைக்க வர்றோம்னு அவங்களுக்கு இப்பவே சொல்லிடுங்க. ஆமா, எனக்கு முழுச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு. பொண்ணோட அப்பாவ கண்ணுல வெளக்கெண்ண ஊத்த வேணாம்னு சொல்லுங்க. ஏன்னெல்லாம் கேக்காதீங்க. பஜ்ஜிய இன்னும் கொஞ்சம் வேக வச்சா போதும்."

உள்ளே காலியான நாற்காலியிடம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் போன் மணி அடித்தது.

"அலோ! யாரு, செங்கல்வராயனா? இரு, கண்ணுல பேப்பரு... இன்னா? நெசமாவா? ஞாயித்துக்கெழமயா? அந்தம்மாவே சொன்னாங்களா?... வெளக்கெண்ணயா? அது எப்பிடிய்யா அவுங்களுக்கு..."

அதற்கப்புறம் அந்த வாய் மூடிக்கொண்டது. படியில் நின்ற ஜோதிலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

பிறகு ஜெனிஃபர் சிஸ்டரின் குரல்: "சார்! இன்னா சார் இது? பேப்பர் மொத்தமா ஊறிப்போயி மீசைக்கு வந்துடுச்சு! இத வச்சி டாக்டர் எப்படி பாப்பாரு? அழுவுறீங்களா?"

"அழுவல சிஸ்டர். நான் எதுக்கு அழுவுறேன்? காஞ்ச கண்ணு இப்பிடித்தான் கொட்டும், டாக்டரே சொல்லிகீறாரு. வோணும்னா இந்த ஜோதிலட்சுமிம்மாவ கேளு... யம்மா, நீயே சொல்லும்மா... யம்மோவ்?"

ஜோதிலட்சுமி இரண்டு கண்ணையும் முழுதாக மூடி, ஒரு அழுத்து அழுத்தி, நிதானமாகத் திறந்தாள். முதல் படி கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியை இன்னொரு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். வெயில் பட்டுக் கண்ணில் தண்ணீர் கொட்ட, கொட்டட்டும் என்று, துடைக்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.