விரலைப் பார்த்தீர்கள், பெட்டியைப் பார்த்தீர்களா?

விழாவுக்குத் தலைமை ஏற்று, மாலையிலிருந்து ஒரு கொட்டாவிகூட விடாமல் எங்களைப் பொறுத்தருளிய பல் மருத்துவர் ஐயா அவர்களே! வலப்பக்கம் வீற்றிருக்கும் பெரியவர்களே! பிள்ளைகளை மடியிலும் பெருஞ்சிரிப்பை உதட்டிலும் அடக்கிக்கொண்டு முன்வரிசையை ஆளுகிற தாய்மார்களே! இந்த இசைக்குழுவை இழுத்துப் பிடித்து நடத்திவரும் மாஸ்டர் அவர்களே! சற்றுமுன் கைதட்டல் வாங்கி, இன்னும் வியர்வை துடைத்து முடிக்காத மாஸ்டரின் மைத்துனர் அவர்களே! ஒலிபெருக்கி அண்ணனே! கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், தோள்பையைக்கூட இறக்காமல் நிற்கிற என் அக்காவே! எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

மைக் ஏன் ஆடுகிறது என்று ஒலிபெருக்கி அண்ணன் உற்றுப் பார்க்கிறார். மைக் ஆடவில்லை அண்ணா, நான்தான் ஆடுகிறேன். கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்ற ஒரே தகுதிக்காக மாஸ்டர் இந்த மைக்கை என் கையில் திணித்தார். "படிச்ச புள்ளதானே, நாலு வார்த்தை நன்றி சொல்லிட்டு வாம்மா" என்றார்.

சொல்கிறேன். நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால் நன்றி சொல்ல வாயைத் திறந்தால் வேறொன்று முந்திக்கொண்டு வருகிறது. அதன் பெயர் ஆத்திரம்.

இதோ என் காலடியில் கிடக்கிறதே, தட்டையாக, கறுப்பாக, முதுகெல்லாம் திருகுகளோடு ஒரு பெட்டி. குழுவில் இதற்கு ஆமை என்று செல்லப்பெயர். கிட்டாருக்கென்று தனியாகப் பெரிய ஆம்ப்ளிஃபயர்களைச் சுமந்து திரிந்த காலம் போய், அத்தனை ஆம்ப்ளிஃபயர்களின் குரலையும் இந்த ஆமை தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. கிட்டார் ஒயரை ஒரு பக்கம் செருகினால், மறுபக்கம் மழையும் வரும், இடியும் வரும். தாய்மார்கள் பயப்பட வேண்டாம், கடிக்காது.

ஆனால் ஆமைக்கும் ஒரு குணம் உண்டு. ஆம்ப்ளிஃபயரின் சத்தம் மரப்பெட்டிக்குள் இருக்கிற ஸ்பீக்கர் வழியாக வரும்போதுதான் அதன் கூர் மழுங்கி, காதுக்கு இதமாகும். அந்த மரப்பெட்டியையும் இந்த ஆமை தானே நடித்துக் காட்டும். அந்த நடிப்புக்குக் கேபினெட் என்று பெயர். நமது பயிற்சி அறையில் நிஜமான பழைய ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. அங்கே நிஜமும் நடிப்பும் சேர்ந்தால் சத்தம் அமுங்கிப்போகும். ஆகவே அங்கே கேபினெட்டை அணைக்க வேண்டும். மேடையில் அந்த மரப்பெட்டி கிடையாது, ஒயர் நேராக ஒலிபெருக்கிக்குப் போகிறது. ஆகவே இங்கே கேபினெட்டைப் போட வேண்டும். போட மறந்தால்? தகரத்தை ஆணியால் சுரண்டின மாதிரி இருக்கும். தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். நீங்களே இன்று கேட்டீர்கள்! பின்வரிசையில் யாரோ காதைப் பொத்தியதை நான் பார்த்தேன்.

இவ்வளவுதான் தொழில்நுட்பம். இனிமேல் சொல்லப்போவது தொழில்நுட்பம் இல்லை.

புதிய நூலகத் திறப்பு விழா உங்களுக்கு நினைவிருக்கும். என் அக்காவுக்கு அது முதல் மேடை. அக்கா யார்? சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பகல் முழுக்க நீராவிக்குள் நின்றுவிட்டு வந்து, முகம் கழுவி, கிட்டாரை மடியில் வைப்பாள். வீட்டில் பழக ஆமையைக் கொடுத்தனுப்பியவர் மாஸ்டர். அந்த நல்ல மனதை நான் மறைக்க மாட்டேன். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். வீட்டில் எங்களுக்குக் கேட்பதெல்லாம் டிக்கு டிக்கென்று வெறும் கம்பிச் சத்தம். அவள் காதுக்குள் மட்டும் கடல். அம்மா கேட்பாள்: "என்னடி இது, பல்லி கத்துற மாதிரி? இதுக்கா இவ்வளவு சிரிப்பு அவளுக்கு?" நான் ஹெட்போனைக் கழற்றி அம்மா காதில் வைத்தேன். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்படி வாசித்தவள் என் அக்கா!

விழாவுக்கு முந்தின நாள் பயிற்சி அறையில் ஒத்திகை. ஆமையைப் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் செருகினார்கள். சத்தம் அமுங்கியது. "என்னம்மா, கம்பளிக்குள்ள உக்காந்து வாசிக்கிறியா?" என்று மாஸ்டர் சிரித்தார். குனிந்தார், எதையெதையோ அழுத்தினார், கேபினெட்டை அணைத்தார். சத்தம் திறந்துகொண்டது. அந்த அறைக்கு அது சரிதான். யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் அதே ஆமையை அப்படியே தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனோம். அணைத்தது அணைத்தபடியே கிடந்தது.

பாட்டின் நடுவே அக்கா தனியாக வாசிக்கும் இடம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கம்பியைத் தொட்டாள். தகரம் கிழிந்தது!

கூட்டம் சிரித்தது. அக்கா கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். பெரியவர்களே, அவள் முதலில் பார்த்தது தன் கையைத்தான். மாஸ்டர் ஒலிபெருக்கி அண்ணனுக்குச் சைகை காட்டி அவள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். பாட்டு முடிந்ததும் மேடையிலேயே கேட்டார்: "விரல்ல அழுத்தமே இல்லையேம்மா. வாசிக்கிறியா, கம்பிய தடவிக் குடுக்கிறியா?"

அழுத்தம் இல்லையாம்! நாள் முழுதும் இரும்பைத் தூக்கி இறக்கும் கைக்கு அழுத்தம் இல்லையாம்! ஊரார் சட்டையின் சுருக்கத்தையெல்லாம் நிமிர்த்தி வைக்கிற கைக்கு ஒரு கம்பியை அழுத்தத் தெம்பு இல்லையாம்!

நான் மேடையோரம் ஓடினேன். "மாஸ்டர், கேபினெட் அணைஞ்சு கிடக்கு. ஒரே ஒரு தடவை பெட்டிய பாருங்க" என்றேன். என்ன பதில் வந்தது? "நீ போய் உக்காரும்மா. காலேஜுல இதையுமா சொல்லிக் குடுத்தாங்க?" மறுபடியும் சிரிப்பு. ஆமை வீட்டுக்கு வருவது நின்றது. "கொஞ்ச நாள் சும்மா கிட்டாரை வச்சுப் பழகட்டும்" என்றார்கள். அக்கா உட்கார்ந்த நாற்காலியில் மைத்துனர் உட்கார்ந்தார்.

யாரது, "நேரமாச்சு, நன்றிய சொல்லு" என்பது? சொல்கிறேன் ஐயா. யாருக்குச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

நாற்காலி போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அவர்கள் சொன்னதை அக்கா நம்பினாளே, அதுதான் என்னைச் சுடுகிறது! வீட்டுக்கு வந்து கம்பியை அழுத்தினாள், அழுத்தினாள், விரல்நுனித் தோல் பிளக்கும்வரை அழுத்தினாள். அளவுக்கு மீறி அழுத்தினால் சுருதி விலகும். நன்றாக இருந்த வாசிப்பும் விலகியது. "அக்கா, தப்பு உன் கையில இல்ல, ஆமையில இருக்கு" என்று சொன்னேன். "நீ என் தங்கச்சி. நீ அப்படித்தான்டி சொல்லுவ" என்றாள். பிறகு கிட்டார் உறைக்குள் போனது. உறை பீரோவுக்குப் பின்னால் போனது. வீட்டில் அந்தப் பல்லிச் சத்தம் நின்றுபோனது. அம்மா அதைத் தேடினாள்.

இனி இன்றைக்கு வருவோம். நேற்றும் அதே பயிற்சி அறை. அதே பழைய ஸ்பீக்கர். அதே ஆமை. அணைத்ததும் அதே கேபினெட். இன்று இந்த மேடையில் மைத்துனர் கம்பியைத் தொட்டார். கிழிந்ததா இல்லையா தகரம்? கலைந்ததா இல்லையா தேன்கூடு?

அப்போது மாஸ்டர் என்ன செய்தார்? பாட்டை நிறுத்தினார். மைக்கைப் பிடித்தார். "பெட்டியில ஏதோ கோளாறு, பெரியவங்க பொறுத்துக்கணும்" என்றார். ஒயரை மாற்றினார்கள். செருகும் இடத்தை மாற்றினார்கள். மைத்துனருக்கு டீ கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் விரலை யாராவது பார்த்தீர்களா? அவர் அழுத்தத்தை யாராவது அளந்தீர்களா? கடைசியில் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அன்னைக்கு என்னமோ சொன்னியே, அது என்னது?" என்றார். நான் வந்தேன். மண்டியிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினேன். மழை வந்தது, இடி வந்தது, உங்கள் கைதட்டலும் வந்தது.

ஆண் வாசித்தபோது பெட்டியைப் பார்த்தீர்கள். என் அக்கா வாசித்தபோது விரலைப் பார்த்தீர்கள்! ஒரே பெட்டி, ஒரே கோளாறு, ஒரே மாஸ்டர். பெட்டிக்குத் தெரியாத வித்தியாசம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

தலைவர் ஐயா, நீங்கள் சொல்லுங்கள். பல் வலி என்று ஒருத்தி வந்தால் "ஆ காட்டும்மா" என்பீர்களா, "உனக்கு மெல்லத் தெரியல, போ" என்று விரட்டுவீர்களா? ஐயா தலையாட்டுகிறார். வாயைத் திறந்து பார்ப்பாராம். இங்கே அந்த ஒரு பார்வைக்குத்தான் பஞ்சம் வந்தது! ஒயரைப் பாருங்கள். திருகுகளைப் பாருங்கள். சத்தம் எங்கே போய் முடிகிறது, ஸ்பீக்கர் பெட்டிக்கா ஒலிபெருக்கிக்கா என்று பாருங்கள். அத்தனையும் பார்த்த பிறகு, கடைசியாக, கட்டக்கடைசியாக, ஒருத்தியின் கையைப் பாருங்கள்.

முன்வரிசை அம்மா ஒருவர் "அப்படிக் கேளுடி" என்கிறார். நன்றி அம்மா. இன்றைய முதல் நன்றி உங்களுக்கு.

மாஸ்டர், நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பாட்டு கேட்கிறேன். அன்று தகரமாகக் கிழிந்த அதே பாட்டு. அன்று சிரித்த அதே ஊரார் முன்னால், அதே ஆமை வழியாக, என் அக்காவின் அதே விரல். அது மோசமாக இருந்தால் வெளிப்படையாகச் சிரியுங்கள். ஆனால் இந்த முறை நீங்கள் கேட்டுச் சிரிப்பது அவள் வாசிப்பாக இருக்கட்டும்!

மாஸ்டர் தரையைப் பார்க்கிறார். பரவாயில்லை, யோசியுங்கள். ஆனால் இதோ மைத்துனர் எழுந்துவிட்டார். தோள்வாரைக் கழற்றிக் கிட்டாரை நீட்டுகிறார். என்ன அண்ணா சொல்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்... "பொத்தானை அழுத்துறதுக்கு முன்னாடியும் நான் நல்லாத்தான் வாசிச்சேன், யாருக்காவது கேட்டுச்சா? வாங்க, வந்து வாசிங்க" என்கிறார். மாஸ்டரும் கையசைத்துக் கூப்பிடுகிறார். தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள். அக்கா, ஏன் கதவைப் பார்க்கிறாய்? கதவு எங்கேயும் போகாது. இந்தப் பக்கம் வா.

வருகிறாள். தோள்பையோடுதான் வருகிறாள். வரும்போதே ஏதோ கத்துகிறாள். உங்களுக்குக் கேட்டதா? எனக்குக் கேட்டது. "போதும்டி பேசினது! மைக்க வச்சுட்டு கேபினெட் ஆன்ல இருக்கான்னு பாரு!" என்கிறாள்.

ஆன்ல இருக்கு அக்கா. ரெண்டு தடவை பாத்துட்டேன்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் ஐயாவுக்கும், பெரியவர்களுக்கும், என் பக்கம் பேசிய அம்மாவுக்கும், கிட்டாரை நீட்டிய கைக்கும், கூப்பிட்ட கைக்கும் நன்றி. மிச்ச நன்றியை அக்கா வாசித்துச் சொல்வாள். நான் இறங்கிக்கொள்கிறேன், வணக்கம். ஒலிபெருக்கி அண்ணா, இந்த முறை சத்தத்தைக் குறைக்காதீர்கள்.