தையல்காரர் தைத்த ஒரே பொய்

தலைமை ஏற்றிருக்கும் நர்ஸம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் லிப்ட் மெக்கானிக் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அரிய கனிமங்களைத் தேடித் திரியும் நம் சங்கத்துத் தோழர்களே!

வணக்கம் சொல்லவே வாய் வரவில்லை. நம் பெருமதிப்புக்குரிய தையல்காரர் அண்ணன் போய்விட்டார்.

யார் அவர்? கல்லூரியில் கல்லைப் பற்றிப் படித்தவரா? இல்லை! எட்டாம் வகுப்போடு ஊசியைப் பிடித்தவர். ஞாயிறு தவறாமல் குவாரி குவாரியாக ஏறி இறங்குவார். கிடைத்த ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு துணிப்பை தைத்து, எங்கே, எந்த நாளில், யார் எடுத்தது என்று அதன்மேல் நூலாலேயே எழுதுவார். "மை மங்கிடும் சார், நூல் நிக்கும். விவரம் இல்லாத கல்லு வெறும் ஜல்லிதான்" என்பார். அலமாரியில் நானூற்றுப் பன்னிரண்டு பைகள் இருக்கின்றன. ஒரே ஒரு பையில் மட்டும் பொய்யைத் தைத்தார்.

அந்தப் பை இதோ. உள்ளே ஒன்றும் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன், நாலு வருடம் தேடி ஒரு நீலப் படிகம் கொண்டுவந்தார். கட்டைவிரல் நகம் அளவுதான். ஒட்டியிருந்த மண் போகட்டும் என்று, சங்க அறைக் குழாயில் அதைக் காட்டியாயிற்று. தண்ணீர் பட்டால் கரையும் கனிமம்! சர்க்கரை மாதிரி போயே போய்விட்டது.

"கழுவிக் கரைத்தவர்: தையல்காரர்" என்று அண்ணன் தைத்து வைத்தார். அப்புறம் என்ன பேச்செல்லாம் பேசினோம்! "துணி வெட்டுறவன்கிட்ட கல்லைக் குடுத்தா இப்படித்தான்" என்றோம். அலமாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டோம். தான் தைத்த பையைத் தொடவும் நம்மிடம் வந்து நின்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாரா?

தோழர்களே, குழாயைத் திறந்தவன் நான்! கனிமவியல் பேராசிரியன் நான்! துறைத் தலைவர் பதவி கைக்கு வரும் நேரம். அண்ணன்தான் குழாயை மூடினார். "விடுங்க சார். வெளிய தெரிஞ்சா உங்களுக்குப் பதவி போயிடும். எனக்கு என்ன, தையல் மிஷினா போயிடப் போகுது?" என்று சிரித்தார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே வருடங்கள் ஓடின.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார்: "சாவியை ஒரு தடவை என்கிட்ட தர மாட்டாங்களா சார்?" அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பாவி, நான் பாவி!

இன்று காலை அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.  கத்தரிக்கோலையும் ஊசியையும் நீட்டி, "நீங்களே பிரிங்க, நீங்களே தைங்க" என்றார்.

தைத்துவிட்டேன். எழுத்தெல்லாம் கோணல், விரலெல்லாம் குத்து. படிக்கிறேன், எல்லோரும் கேளுங்கள்: "எடுத்தவர்: தையல்காரர். கழுவிக் கரைத்தவர்: பேராசிரியர்."

அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். வருகிற ஞாயிறும் குவாரிக்குப் போவோம், உள்ளதை உள்ளபடி தைப்போம். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. அண்ணி, கையை நீட்டுங்கள். அவர் கேட்டு நாங்கள் கொடுக்காத சாவி இது.